நிபுணருக்கும் நோயாளிக்கும் நடுவே



பைபாஸ் அறுவை நடக்கும் தியேட்டரில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் கத்தி வேலை செய்கிறது. மேலே, மார்பெலும்பைப் பிளந்து அறுவை நிபுணர் இதயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். கீழே, நோயாளியின் காலருகே நிற்கும் இன்னொருவர் நீளமான சிரை ஒன்றைப் பிரித்தெடுக்கிறார். அடைத்துப்போன இதயத் தமனியைத் தாண்டி ரத்தம் போக மாற்றுப் பாதையாகப் பொருத்தப்போவது அந்தச் சிரைதான். அமெரிக்காவின் பல இதய மையங்களில் அந்த வேலையைச் செய்பவர் எம்.டி. பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற பதவியில் இருப்பவர்.

அதை எடுபிடி வேலை என்று எண்ணிவிடக் கூடாது. கணுக்காலிலிருந்து தொடைவரை ஓடும் அந்தச் சிரைக்கு வழிநெடுகக் கிளைகள் உண்டு. ஒவ்வொரு கிளையையும் அடைத்துத் துண்டிக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக இழுத்தாலும், கருவியின் சூடு பட்டாலும் சிரையின் உட்சுவர் புண்படும். புண்பட்ட இடத்தில் ரத்தம் உறையும். நிபுணர் எத்தனை நேர்த்தியாகத் தைத்திருந்தாலும் அந்தப் புதுப் பாதை அடைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் காலை நீளவாக்கில் கீறித்தான் சிரையை எடுத்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தப் புண் ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது முழங்காலருகே சிறு துளையிட்டு, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி, திரையைப் பார்த்தபடியே எடுக்கிறார்கள். வருடக்கணக்கில் அதையே செய்து பழகிய கைக்குத்தான் அது வசப்படும்.

மறுநாள் காலை ஐ.சி.யூ.வில் அதே நோயாளியின் மார்பு வடிகுழாயில் எவ்வளவு ரத்தம் வந்திருக்கிறது, சிறுநீர் சரியாக இறங்குகிறதா, நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பவரும் பெரும்பாலும் அந்தக் குழுவின் பிசிஷியன் அசிஸ்டென்டோ நர்ஸ் பிராக்டிஷனரோதான். வடிகுழாயை உருவுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, வீட்டுக்குப் போன பிறகு வரும் போனை எடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நிபுணர் அதற்குள் அடுத்த நோயாளியின் மார்பருகே நிற்கிறார்.

இன்றைய உரை இந்த இரு பிரிவினரையும் பற்றியது. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் பதிவு பெற்ற செவிலியராகத் தொடங்கி, அதன்மேல் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற்று, நோயாளியைப் பரிசோதிக்கவும் மருந்து எழுதவும் உரிமை பெற்றவர். பிசிஷியன் அசிஸ்டென்ட் ஒரு பட்டம் முடித்துவிட்டு, மருத்துவக் கல்லூரிப் பாடத்தின் சுருக்கம் போன்ற படிப்பைச் சுமார் 27 மாதங்கள் படிப்பவர். அதில் ஏறக்குறைய பாதிக் காலம் வார்டுகளிலேயே கழியும். அமெரிக்காவில் முதல் வகையினர் இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேல். இரண்டாம் வகையினர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

இத்தனை பேர் வந்தது எப்படி? கதை 1965-இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதாரச் செவிலியரும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து உலகின் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஃபோர்டு கொலராடோவின் கிராமப்புறங்களில் வேலை பார்த்தவர். டாக்டர் இல்லாத ஊர்களில் குழந்தைகளைச் சோதித்து, தடுப்பூசி போட்டு, தாய்மாருக்கு ஆலோசனை சொன்னது செவிலியர்கள்தான் என்பதை நேரில் கண்டவர். செய்கிற வேலைக்குத் தகுந்த படிப்பும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும் என்றார். எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. செவிலியர் கல்வியாளர்கள் பலரே ‘இது நம் தொழிலை டாக்டரின் வாலாக்கிவிடும்’ என்று கோபப்பட்டார்கள். ஃபோர்டு அசரவில்லை. 104 வயது வரை வாழ்ந்து, 2025 ஜனவரியில் மறைந்தார்.

அதே 1965-இல், வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த யூஜீன் ஸ்டெட் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவரும் முதலில் செவிலியர்களைத்தான் நாடினார். தெல்மா இங்கிள்ஸ் என்ற செவிலியர் ஆசிரியருடன் சேர்ந்து ஒரு மேல்படிப்பை உருவாக்கினார். செவிலியர் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் தேசிய அமைப்பு அதை ஏற்க மறுத்துவிட்டது. பிறகு அவர் கண்ணில் பட்டவர்கள் கடற்படையின் மருத்துவப் பணியாளர்கள். கப்பலில் டாக்டர் இல்லாதபோது காயத்துக்குத் தையல் போட்டவர்கள், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர்கள். படையை விட்டு வந்ததும் வெளியுலகில் அந்த அனுபவத்துக்கு ஏற்ற வேலை இல்லை. அப்படிப்பட்ட நால்வரை ஸ்டெட் சேர்த்துக்கொண்டார். 1967 அக்டோபர் 6 அன்று மூவர் தேறினர்.

ஸ்டெட்டுக்கு ஒரு முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. வட கரோலினாவின் கார்லண்ட் என்ற சிற்றூரில் ஏமோஸ் ஜான்சன் என்ற பொது மருத்துவர் இருந்தார். அவரிடம் பயின்ற ஹென்றி லீ ட்ரெட்வெல் என்ற கறுப்பினத்தவர், டாக்டர் வெளியூர் போகும்போதெல்லாம் கிளினிக்கைக் கவனித்துக்கொண்டார். நிறவெறி கோலோச்சிய தென் மாநிலத்தில் அவருக்கு மருத்துவக் கல்லூரியின் கதவு எத்தனை தூரத்தில் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பெயர் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக அச்சாக வேண்டிய பெயர்.

இந்த இரண்டு பயிற்சிகளும் கிராமத்து மக்களுக்கு அடிப்படை மருத்துவம் கிடைப்பதற்காகப் பிறந்தவை. ஆனால் பிசிஷியன் அசிஸ்டென்டுகளில் பெரும்பாலோர் இன்று இதயம், எலும்பு, தோல், புற்றுநோய், நரம்பு அறுவை போன்ற சிறப்புத் துறைகளில்தான் இருக்கிறார்கள். அந்தத் திருப்பத்துக்கான விதையும் அப்போதே விழுந்தது. 1955-இல் மேயோ கிளினிக்கில் இதய–நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு வரிசையாக இதய அறுவைகள் செய்து பெயர் பெற்ற ஜான் கெர்க்லின், அலபாமாவின் பர்மிங்ஹாம் நகருக்குப் போனதும் 1967-இல் அறுவை நிபுணர்களுக்கென்றே உதவியாளர் பயிற்சியைத் தொடங்கினார். இதய அறுவைக்குக் கூட்டாகப் பழகிய கைகள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

விதை மரமாக இன்னொரு காரணம் வேண்டியிருந்தது. அது துயரமானது.

1984-இல் நியூயார்க்கில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட 18 வயது மாணவி ஒருத்தி சில மணி நேரத்திலேயே இறந்துபோனாள். அந்த இரவில் அவளைக் கவனித்தவர்கள் ஓய்வில்லாமல் நீண்ட டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர்கள். வழக்கும் விசாரணையும் நாடெங்கும் பேசப்பட்டன. 1989-இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 80 மணி நேரமாகக் குறைத்தது. 2003-இல் அது நாடு முழுவதற்குமான விதியாயிற்று. 80 மணி நேரமே நம் காதுக்கு அதிகம்தான். அதற்கு முன் நூறைத் தாண்டியும் உழைத்தார்கள். விதி வந்ததும் பெரிய போதனா மருத்துவமனைகளில் ஒரு கேள்வி எழுந்தது: இரவு இரண்டு மணிக்கு வார்டில் யார் இருப்பது? விடையாக வந்தவர்கள்தான் நர்ஸ் பிராக்டிஷனர்களும் பிசிஷியன் அசிஸ்டென்டுகளும்.

ஆள் பற்றாக்குறைக்கு ஆள் போட்டார்கள் என்பதோடு இது முடிந்திருந்தால் இதைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச வேண்டியதில்லை. வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். அதுதான் செய்தி. பயிற்சி டாக்டர் மாதத்துக்கு ஒரு வார்டு மாறுவார். நோயாளியின் பெயர் மனத்தில் பதிவதற்குள் அடுத்த துறைக்குப் போய்விடுவார். நிபுணருக்கு தியேட்டர், ஓ.பி., மாநாடு, மாணவர் வகுப்பு. நடுவில் அதே வார்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிற ஒருவருக்கு, இந்த அறுவைக்குப் பிறகு மூன்றாம் நாள் என்ன சிக்கல் வரும், இந்த நிபுணர் எந்த அளவில் கவலைப்படுவார், எந்தக் குறியைக் கண்டால் தூங்குகிறவரை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. குழுவின் நினைவு அவரிடம்தான் இருக்கிறது.

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இது கண்கூடு. ஒரு கிலோகூட எடையில்லாத குழந்தைக்கு மூச்சுக்குழாய் பொருத்துவது, தொப்புள்கொடியின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்துவது, வென்டிலேட்டரின் அழுத்தத்தை மணிக்கு மணி சரிசெய்வது எல்லாம் கைப்பழக்கத்தால் வருபவை. கனடாவின் ஹாமில்டன் நகரில் 821 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவைக் குழந்தை மருத்துவப் பயிற்சி டாக்டர்கள் கவனித்தார்கள். இன்னொரு பிரிவை அந்தத் துறையில் தனிப்பயிற்சி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர்கள் கவனித்தார்கள். இரண்டிலும் மேலே நிபுணர் இருந்தார். 1996-இல் முடிவு வெளிவந்தபோது, குழந்தைகள் பிழைத்ததிலும் சிக்கல்கள் வந்ததிலும் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

அதற்குப் பத்து வருடம் முன்பே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டோரதி புரூட்டன் என்ற செவிலியர் ஆய்வாளர் இன்னும் துணிச்சலான கேள்வியைக் கேட்டிருந்தார். எடை குறைந்து பிறந்த குழந்தையை இத்தனை வாரம் மருத்துவமனையிலேயே வைத்திருக்க வேண்டுமா? அப்போதைய வழக்கம், குழந்தை குறிப்பிட்ட எடையைத் தொடும்வரை காத்திருப்பது. புரூட்டன் குழு 79 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியினரை வழக்கம்போல் வைத்திருந்தார்கள். மற்றவர்களை, உடல்நிலை சீராக இருந்தால் எடைக்குக் காத்திராமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் வெறுமனே அனுப்பவில்லை. முதுநிலைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் மருத்துவமனையிலேயே தாயைப் பழக்கினார். பிறகு வீடு தேடிப் போனார். எப்போது கூப்பிட்டாலும் போனில் கிடைத்தார். அந்தக் குழந்தைகள் சராசரியாக 11 நாள் முன்னதாக, 200 கிராம் குறைவான எடையில் வீடு திரும்பின. மறுபடி சேர்க்கப்படுவதோ வளர்ச்சிக் குறையோ கூடவில்லை. மருத்துவமனைச் செலவு 27 சதவீதம் குறைந்தது. பதினொரு நாள் முன்னதாகப் பிள்ளை மடிக்கு வருவது அந்தத் தாய்க்கு என்ன என்பதை எந்தச் சதவீதத்தாலும் சொல்ல முடியாது.

அதே பல்கலைக்கழகத்தின் மேரி நேலர் இந்த முறையை முதியவர்களுக்குக் கொண்டுபோனார். 65 வயதைக் கடந்த 363 நோயாளிகள். மருத்துவமனையில் சேர்ந்த இரண்டு நாளுக்குள் பயிற்சி பெற்ற செவிலியர் அவர்களைச் சந்தித்தார். வீட்டுக்குப் போன பிறகு நான்கு வாரம் தொடர்ந்து பார்த்தார். ஆறு மாதத்துக்குள் மறுபடி மருத்துவமனைக்கு வந்தவர்கள் வழக்கமான பராமரிப்பில் 37 சதவீதம். இந்தச் செவிலியர் கவனிப்பில் 20 சதவீதம். ஆய்வு வெளியான ஆண்டு 1999.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. இதயம் பலவீனமான முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் எட்டு மாத்திரைச் சீட்டுகள். வீட்டில் பழைய மாத்திரை டப்பாவும் இருக்கிறது; எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தெரியவில்லை. நீர் பிரியும் மாத்திரை அடிக்கடி பாத்ரூம் போக வைக்கிறது என்பதால் வெளியே போகிற நாளில் அதை விட்டுவிடுகிறார். உப்புக் குறைக்கச் சொன்னது நினைவிருக்கிறது. ஊறுகாயும் அப்பளமும் உப்புக் கணக்கில் சேரும் என்று யாரும் சொல்லவில்லை. நான்கு நாளில் இரண்டு கிலோ ஏறுகிறது. உடம்பு தேறுகிறது என்று வீட்டார் மகிழ்கிறார்கள். அது கொழுப்பல்ல, உடம்பில் தேங்கிய நீர். ஐந்தாம் நாள் இரவு மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் வருகிறது. இரண்டாம் நாளே ஒருவர் போன் செய்து, ‘இன்றைக்குக் காலை எடை பார்த்தீர்களா?’ என்று கேட்டு, மருந்தின் அளவை மாற்றியிருந்தால் அந்த இரவு வந்திருக்காது. இதய நிபுணருக்கு இந்தக் கேள்வி தெரியாதது அல்ல. இருநூறு பேரிடம் தினமும் கேட்க அவருக்கு நேரம் இல்லை.

புற்றுநோய்த் துறையிலும் பாதி வேலை இப்படிப்பட்டதுதான். கீமோ கொடுத்த பத்தாம் நாள் வெள்ளணுக்கள் விழுந்திருக்கும்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அதை முதலில் கேட்பவர் உடனே இனம்காண வேண்டும். வலி, வாந்தி, பயம், குடும்பத்தின் குழப்பம் ஆகியவற்றுக்கும் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். போஸ்டனில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பகுதியினருக்குத் தொடக்கத்திலிருந்தே வலிநிவாரணக் குழுவின் கவனிப்பைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் டாக்டர்களோடு உயர்பயிற்சி பெற்ற செவிலியர்களும் இருந்தார்கள். 2010-இல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் ஆயுள் இடைநிலைக் கணக்கில் 8.9 மாதம்; வலிநிவாரணக் கவனிப்பும் பெற்றவர்களுடையது 11.6 மாதம். மனச்சோர்வும் இவர்களிடம் குறைவு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் டாக்டர் எதற்கு?’ என்று ஒரு நிர்வாகி முடிவு செய்தால் அது பெருந்தவறு. மேலே சொன்ன ஆய்வுகளில் நிபுணர் மறையவில்லை. நோய் இன்னது என்று தீர்மானமாகி, சிகிச்சையின் திசை முடிவான பிறகே செவிலியர் தம் திறமையைக் காட்டினார். எதனால் வந்தது என்றே தெரியாத நெஞ்சுவலியோடு வாசலில் நிற்பவரின் நிலை வேறு. அங்கே அரிதான நோயையும் எண்ணிப் பார்க்கும் நீண்ட படிப்பு தேவைப்படுகிறது.

இங்கிலாந்து இதைக் கசப்போடு கற்றுக்கொண்டது. அங்கே இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு முடித்த பிசிஷியன் அசிஸ்டென்ட் வகைப் பணியாளர்களை அரசு மருத்துவத் துறை வேகமாகப் பெருக்கியது. தம்மைப் பார்த்தவர் டாக்டர் என்றே நம்பிய நோயாளிகள் இறந்த நிகழ்வுகள் வெளிவந்தன. டாக்டர் சங்கங்கள் கொதித்தன. 2024 டிசம்பரில்தான் இந்தப் பணியாளர்கள் மருத்துவக் கவுன்சிலின் பதிவுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். பேராசிரியர் கிலியன் லெங் தலைமையில் அரசு அமைத்த ஆய்வு 2025 ஜூலையில் அறிக்கை தந்தது: நோய் கண்டறியப்படாத நோயாளியை இவர்கள் முதல் ஆளாகப் பார்ப்பது, தெளிவான வரைமுறை இருக்கும் இடங்களைத் தவிர, கூடாது; உடையிலும் அடையாள அட்டையிலும் தாம் யார் என்பது பளிச்சென்று தெரிய வேண்டும். அந்த ஊழியர்கள் பலர் நேர்மையாக உழைத்தவர்கள். வரையறை எழுதாமல் அவர்களை நிறுத்தியவர்கள்மேல்தான் பழி சேர வேண்டும்.

அமெரிக்காவிலும் பணத்தின் இழுப்பு உண்டு. நர்ஸ் பிராக்டிஷனரோ பிசிஷியன் அசிஸ்டென்டோ தனியாகப் பார்த்தால், முதியோருக்கான அரசுக் காப்பீடு டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம் தருகிறது. அவர்களுடைய சம்பளமோ நிபுணரின் சம்பளத்தில் சிறு பங்கு. குறைந்த சம்பளத்தில் ஆள் வைத்து நோயாளி எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும். நிபுணர் ஒருவருக்குக் கீழே எத்தனை பேர், அவர் ஒரு நாளில் உண்மையிலேயே எத்தனை பேருடைய நோயாளிகளைப் பற்றிக் கேட்டறிகிறார் என்று பார்த்தால் அந்த மருத்துவமனையின் எண்ணம் தெரிந்துவிடும்.

சென்னைக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த டாக்டர் கே.எம். செரியன், பர்மிங்ஹாமில் கெர்க்லினிடம் பயிற்சி பெற்றவர். 1992-இல் முகப்பேரிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் அவர் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. லொரெட்டா ஃபோர்டு மறைந்த அதே 2025 ஜனவரியில் செரியனும் மறைந்தார். இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு நடக்கிறது: மூன்றாண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. கண் துறையில் மதுரை அரவிந்த் இன்னும் முன்னால் நடந்தது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, பார்வை அளப்பதிலிருந்து அறுவைக்கு நோயாளியை ஆயத்தப்படுத்துவது வரை அவர்களிடம் ஒப்படைத்தது. அந்தப் பெண்கள் பிசிஷியன் அசிஸ்டென்டுகள் அல்லர். ஆனால் ஒரு கண் அறுவை நிபுணர் ஒரு மேசையில் முடித்துவிட்டு உடனே அடுத்த மேசைக்குத் திரும்ப முடிவது அவர்களால்தான்.

செவிலியர் பக்கம், தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது. 2021-இன் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் பிசிஷியன் அசிஸ்டென்டுகளின் தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2023-இல் செவிலியருக்கும் புதிய ஆணையச் சட்டம் வந்தது. சட்டம் பெயரை ஏற்றுக்கொண்டது முதல் படி. ஐ.சி.யூ.வில் இரவு நிற்கும் அந்த இளைஞரோ அந்தச் செவிலியரோ எந்த மருந்தின் அளவைத் தாமே மாற்றலாம், எந்த நிலையில் நிபுணரை எழுப்பியே ஆக வேண்டும், தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதை ஒவ்வொரு துறையும் எழுத்தில் வைக்க வேண்டும். சம்பளமும் பதவி உயர்வும் அதோடு வர வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடம் பழகிய கை வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடும், வார்டு மறுபடி புதியவரிடம் தொடங்கும். இந்த அவையில் மருத்துவமனை நடத்துபவர்கள் இருந்தால், தங்கள் இதயப் பிரிவில் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு மூன்றாம் நாள் போன் செய்வது யார் என்பதை நாளைக் காலை ரவுண்ட்ஸில் கேட்டுப் பார்க்கலாம். அப்படி ஒருவர் இல்லையென்றால், அந்தப் பதவியை உருவாக்குவதற்கான படிப்பு இந்த ஊரிலேயே 1992 முதல் இருக்கிறது.